ஹேண்டில் ஆடுச்சு

பெயிண்டரை யாரும் பெயிண்டர் என்று கூப்பிட்டதில்லை. பட்டி மாஸ்டர் என்றுதான் பேர். வண்டி எங்கே நசுங்கியிருந்தாலும் சரி, எங்கே பொத்தல் விழுந்திருந்தாலும் சரி, பட்டி என்கிற பூச்சுப் பசையைக் குழைத்து அப்பி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயிண்டையும் அடித்துவிட்டார் என்றால், அடிபட்ட இடம் எது என்று வண்டிக்காரனே தடவித் தடவித் தேட வேண்டும். அந்தப் பேரில் அவருக்கு ஒரு காலத்தில் பெருமை இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டார். காது மந்தம் என்று பக்கத்துப் பட்டறை வெல்டர் நினைத்துக்கொண்டிருந்தார். காதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை புருஷன் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பட்டறைக்குள் வந்தார். மாப்பிள்ளைக்கு மருந்துக்கடை. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்குமே பொடிப்பொடி எழுத்தில் ஒரு காகிதம், உலகத்தில் யாருமே படிக்காத காகிதம், அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் மாத்திரையை விற்பார். அப்படி ஒரு பிறவி.

"மச்சான், வண்டியை எடுக்கலாம்னு இருக்கேன்."

"எந்த வண்டியை?"

"நம்ம பைக்கைத்தான். ஷெட்ல தார்ப்பாய் போட்டுக் கெடக்குதே, அது."

பட்டி மாஸ்டர் ஒரு கார் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் தேய்த்தது.

"முழுசாப் பிரிச்சு, துரு, பழைய பெயிண்ட், எல்லாத்தையும் எடுத்துட்டு, வெறும் இரும்பு வரைக்கும் போயி, அப்புறம் திரும்பக் கட்டணும். வீட்லயே பண்ணலாம்னு பாக்கறேன். நாலு மாசமா இதைப் பத்தித்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். மணல் அடிக்கிற மிஷின்ல எதை வாங்கலாம்னு நீங்க வந்துதான் சொல்லணும்."

வெறும் இரும்பு வரைக்கும். அந்த மூன்று வார்த்தையில் பட்டி மாஸ்டரின் கையும் தேய்ப்பதை நிறுத்தியது. அந்த மிஷின் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? காற்றை அமுக்கி, அதோடு பொடிக்கல்லைச் சேர்த்து, ஒரு குழாய் வழியாக இரும்பின் மேல் பீய்ச்சி அடிக்கும். துரு போகும், பெயிண்ட் போகும், பெயிண்டுக்கு அடியில் பட்டி இருந்தால் பட்டியும் போகும். இரும்பு பிறந்தமேனியாக நிற்கும். அந்த வண்டி மட்டும் அப்படி நிற்கவே கூடாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைப்பானேன்?

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அதே வண்டிக்குப் புதுசாகப் பெயிண்ட் அடிக்க மாப்பிள்ளை இவரிடம்தான் கொடுத்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு கேட் தூணில் ஒரு தடவை இடித்திருந்தார். பெரிதாக ஒன்றுமில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்கும்போது, ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமின் கழுத்து இருக்கிறதே, குழாய்கள் எல்லாம் வந்து சேருகிற இடம், அங்கே ஒரு விரிசல் இருப்பதைப் பட்டி மாஸ்டர் பார்த்தார். நகம் நீளம்தான் இருக்கும். வெல்டரிடம் கொடுத்திருக்க வேண்டும். வெல்டர் அன்றைக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் தங்கையும் மாப்பிள்ளையும் வெளியூர் கிளம்புவதாகப் பேச்சு. சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும். சரி, போய்விட்டு வரட்டும், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விரிசலில் பட்டியை அப்பித் தேய்த்துவிட்டார். பெயிண்ட் பளபளவென்று வந்திருந்தது. மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக எடுத்துக்கொண்டு போனார்.

ஊருக்குப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் ஓடியாச்சு, ஒன்றும் ஆகவில்லையே, இப்போது போய்ச் சொன்னால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பாரே என்று தள்ளிப்போட்டார். மூன்றாவது வாரம் ஒரு வளைவில் வண்டி விழுந்தது. மாப்பிள்ளைக்குத் தலையில் நாலு தையல். பின்னால் உட்கார்ந்திருந்த தங்கைக்கு வலது முட்டி நொறுங்கிப்போனது. அவள் தையற்காரி. வலது காலால் மிதித்த மெஷினை அதற்கப்புறம் இடது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டாள்.

இதுவரைக்கும்கூட மன்னிக்கலாம். சோம்பேறித்தனம், கூச்சம், யாருக்கு இல்லை? ஆனால் ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது. தலையில் கட்டோடு மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் சொன்னார், "ஹேண்டில் ஆடுச்சு மச்சான். நான் ஒண்ணுமே பண்ணல. தானா ஆடுச்சு." சுற்றிலும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் நின்றிருந்தார்கள். எல்லோரும் பட்டி மாஸ்டரைத்தான் பார்த்தார்கள், வண்டியைப் பற்றித் தெரிந்தவர் அவர்தானே என்று. அந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்து சொன்னது இதுதான்:

"வேகமா வந்திருப்பீங்க மாப்ளே. வளைவுல வேகமா வந்தா ஆடத்தான் செய்யும்."

வாய் இருக்கிறதே வாய், அதற்கும் ஒரு பட்டி வைத்து அடைத்திருக்கலாம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். பொண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு அப்படி என்ன அவசரம் என்றார்கள். மாப்பிள்ளை ஒரு மாதம் வரைக்கும் ஹேண்டில் ஆடியது, ஹேண்டில் ஆடியது என்று சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே, "வேகமாத்தான் வந்துட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த வண்டியை யாரும் பிரித்துப் பார்க்காமலே தார்ப்பாய் போட்டு மூடினார், அதன்பின் எந்த வண்டியையும் தொடவில்லை. இன்றைக்கும் மருந்துக்கடைக்கு நடந்துதான் போகிறார்.

இப்போது அந்த வண்டியைப் பிறந்தமேனியாக்க மிஷின் வாங்கித் தர வேண்டுமாம், இவர் போய்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் மிஷின் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கலகலப்பான ஆள். ஆள் வந்தால் போதும், விற்பதைவிடப் பேசுவதில்தான் குஷி. மூன்று தினுசு காட்டினார். ஒன்று, கையில் பிடிக்கிற துப்பாக்கி, தலையில் பொடி போட ஒரு கிண்ணம். இரண்டாவது, ஒரு பெட்டி. முன்னால் கண்ணாடி, பக்கத்தில் இரண்டு ஓட்டை, ஓட்டையில் நீளமான ரப்பர் கையுறை. சாமானை உள்ளே வைத்து மூடிவிட்டு, கையுறைக்குள் கையை விட்டு அடிக்க வேண்டியது. தூசி வெளியே வராது. மூன்றாவது, இடுப்பு உயரத்துக்கு ஒரு டேங்க். பொடியை அதில் கொட்டி, காற்றை ஏற்றிவிட்டால், நீளக் குழாயில் எதை வேண்டுமானாலும் எங்கே வைத்து வேண்டுமானாலும் அடிக்கலாம்.

மாப்பிள்ளை நோட்டைப் பிரித்தார். "பொடி எது போடறது?"

"ஆத்து மணலை நல்லா சலிச்சுப் போடுங்க சார். எல்லாரும் அதான் போடறாங்க."

"மணல் வேண்டாங்க. உடைஞ்சு தூளாகி நுரையீரல்ல போயி உக்காந்துடும். அப்புறம் அதை வெளிய எடுக்க எங்கிட்ட மருந்து கிடையாது. உலகத்துல யார்கிட்டயும் கிடையாது."

கடைக்காரர் பட்டி மாஸ்டரைப் பார்த்தார். இந்த ஆளை எங்கே பிடித்தீர்கள் என்கிற பார்வை. பட்டி மாஸ்டர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை கார்னெட் கல்லுக்கும் கண்ணாடி மணிக்கும் என்ன வித்தியாசம், எது உள்வரைக்கும் கடிக்கும், எது மேலாக மெருகு மட்டும் கொடுக்கும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். கேட்டு முடித்ததும் டேங்கின் மேல் கையை வைத்தார்.

"இதுதான் சரின்னு தோணுது மச்சான். கொல்லையில தார்ப்பாய் கட்டி ஃபிரேமையும் நானே அடிச்சிடலாம்ல?"

பட்டி மாஸ்டர் டேங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வீட்டுக்கு இது ஒத்துவராது மாப்ளே. தார்ப்பாய் என்ன கட்டினாலும் தூசி சுவர் தாண்டிப் போகும். பக்கத்து வீட்ல துணி காயப் போடறாங்க. அதுவுமில்லாம இதுக்கு எவ்ளோ காத்து வேணும் தெரியுமா? நீங்க வாங்கற கம்ப்ரஸர் அஞ்சு நிமிஷத்துல மூச்சு வாங்கும். பேசாம இந்தப் பெட்டியை வாங்குங்க. சின்னச் சின்ன சாமானெல்லாம் நீங்க வீட்ல உக்காந்து சுத்தமா அடிங்க. ஃபிரேம் இதுக்குள்ள போகாது. அதை எங்கிட்ட அனுப்பிடுங்க, பட்டறையில நான் பாத்துக்கறேன்."

சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. கடைக்காரரே, "சார் சொல்றது கரெக்ட்டு" என்று தலையாட்டினார். அவ்வளவு உண்மையையும் அடுக்கி வைத்து அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும் என்று பட்டி மாஸ்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மாப்பிள்ளை நோட்டில் ஒரு கோடு போட்டு டேங்கை அடித்துவிட்டார். "மச்சான் வரலைன்னா ஏமாந்திருப்பேன்" என்று கடைக்காரரிடம் சொன்னார். பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் பட்டி மாஸ்டர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெட்டி ஷெட்டில் உட்கார்ந்தது. விடுமுறை நாளானால் மாப்பிள்ளை வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, பிரேக் லீவர், கால் வைக்கிற கம்பி, சக்கரத்தின் நடு உருளை என்று ஒவ்வொன்றாக உள்ளே வைத்து அடித்தார். தங்கை ஒரு ஸ்டூலைப் போட்டு, வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு, போல்ட்டுகளைப் பிரித்துப் பிரித்து டப்பாவில் போட்டாள். பட்டி மாஸ்டர் போகும்போதெல்லாம் கையில் ஏதாவது இருக்கும். ஒரு தடவை அடிப்பூச்சுக்கு ப்ரைமர் டின், ஒரு தடவை பிரஷ். வெறுங்கையோடு அந்த வாசலை மிதித்துப் பதினொரு வருஷம் ஆகிறது. அவள் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வாள்:

"அதைக் கீழ வச்சிட்டு உக்காருண்ணே."

"எப்படிப் போகுது வேலை?"

"ஏன் கேக்கற? ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில பொறந்த புள்ளையை வச்சிருப்பாங்களே, அதைப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டிருக்காரு. நான் கூப்பிட்டாக்கூட காதுல விழறதில்ல."

உள்ளே சடசடவென்று கண்ணாடி மணி அடிக்கிற சத்தம். மாப்பிள்ளை முகத்தைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துக்கொண்டு நின்றார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட கேட்டு வைக்காதே. முழிச்சிருக்கிறப்ப யார் கேட்டாலும் வேகமாத்தான் வந்தேன், என் தப்புதாம்பாரு. தூங்கறப்ப மட்டும் மெதுவாத்தான் வந்தேன், மெதுவாத்தான் வந்தேன்னு முனகறாரு. பதினொரு வருஷமா."

பட்டி மாஸ்டர் கையிலிருந்த டின்னைக் கீழே வைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

"எது நெஜம்னு எனக்கு வேண்டாம்ணே. ஆனா எங்கூடப் பேசறப்ப காலைப் பாத்துத்தான் பேசறாரு. என் மூஞ்சியைப் பாத்துப் பேசறதே இல்ல. வண்டி ரெடியானா பின்னாடி ஒரு தடவை ஏறி உக்காந்துடலாம்னு இருக்கேன். எனக்கும் பயந்தான். ஆனா அதுக்கப்புறமாவது அந்த நெனப்பை விடுவாருல்ல?"

அவர் என்னவோ வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டார்.

ஃபிரேம் வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வந்தது. கூட ஒரு காகிதத்தில் மாப்பிள்ளை எழுதி அனுப்பியிருந்தார்: கார்னெட் போடவும், அடித்து முடித்ததும் வெறுங்கையால் தொட வேண்டாம், வியர்வை பட்ட இடம் துரு பிடிக்கும், அன்றைக்கே ப்ரைமர் அடிக்கவும். பட்டி மாஸ்டருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்புகிற ஒரே ஆள் உலகத்தில் அவர்தான். வேறு யாராவது எழுதியிருந்தால் காகிதத்தைக் கசக்கி மூஞ்சியில் எறிந்திருப்பார்.

மத்தியானம் முகமூடியை மாட்டிக்கொண்டு, பட்டறையில் இருந்த அதே தினுசு டேங்கைத் திறந்துவிட்டார். பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். சீட் கம்பி, நடுக் குழாய் என்று எல்லாவற்றையும் பொறுமையாக அடித்துவிட்டு, கழுத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். காற்றை மூடினார். மறுபடி திறந்தார். பட்டி நாலு விநாடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பொருக்கு பொருக்காகக் கழன்று விழுந்தது. அடியில் விரிசல். நகம் நீளம் இருந்தது இப்போது விரல் நீளம் இருந்தது.

பக்கத்துப் பட்டறை வெல்டர் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன பட்டி, கழுத்து விட்டிருக்கா? கொண்டா, பத்து நிமிஷத்துல அடைச்சுத் தரேன். மேல நீ வேலையைக் காட்டினா கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

பதினொரு வருஷமாக அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தார் மனிதர். அதற்காகத்தான் கடையில் அத்தனை உண்மை பேசினார். ஃபிரேமைத் தூக்கி வெல்டர் மேஜையில் வைத்தால் முடிந்தது கதை. வண்டி பத்திரமாக ஓடும். தங்கை பின்னால் ஏறி உட்காருவாள். மாப்பிள்ளை கிழவராகிச் சாகிற வரைக்கும் முழித்திருக்கும்போது ஒன்றும் தூங்கும்போது ஒன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"அப்புறம் தரேன்" என்றார் பட்டி மாஸ்டர்.

ஒரு பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு ஃபிரேமைத் தூக்கினார். தங்கை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கனம் என்று சொல்ல முடியாது. திரும்பிப் போய்விடலாமா என்றுதான் நின்றார்.

மருந்துக்கடை மத்தியானம் மூடுகிற நேரம். கதவைத் திறந்தது மாப்பிள்ளை. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், ப்ரைமர் அடிக்காமக் கொண்டாந்துட்டீங்க? சாயங்காலத்துக்குள்ள துரு ஏறிடுமே. இருங்க, கையுறையை எடுத்தாரேன்."

"இருக்கட்டும் மாப்ளே. கழுத்தைப் பாருங்க."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

"விரிசல். விழுந்ததுல ஆயிருக்கும்."

"இல்ல. உள்ள வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க. அது என் பட்டி. நீங்க பெயிண்ட் அடிக்கக் குடுத்தப்பவே விரிசல் இருந்தது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் மூடினேன். உங்ககிட்ட சொல்லல." ஃபிரேமை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நீட்டினார். "நீங்க மெதுவாத்தான் வந்திருப்பீங்க மாப்ளே."

"அப்ப ஹேண்டில்..."

"ஆடுச்சு. ஆடத்தான் செஞ்சிருக்கும்."

மாப்பிள்ளை கையுறையும் இல்லாமல், தன் காகிதத்தில் தானே எழுதியதையும் மறந்து, வெறும் விரலை அந்த விரிசலில் வைத்து மேலும் கீழுமாகத் தடவினார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"இங்க வாயேன். ஆடுச்சாம். ஹேண்டில் ஆடுச்சாம்."

தையல் மெஷின் ஏற்கெனவே நின்றிருந்தது. காலை இழுத்துக்கொண்டு அவள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "ஆடுச்சாம், நான் சொன்னேன்ல, ஆடுச்சாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. பட்டி மாஸ்டர் பக்கம் திரும்பி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்து சொன்னீங்களே மச்சான். அது போதும். ரொம்பப் பெரிய உபகாரம்."

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக நின்றிருப்பார். இதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"பட்டி வச்சதை விடு. மறந்திருப்ப, பயந்திருப்ப. ஆஸ்பத்திரியில அத்தனை பேர் முன்னாடி, வேகமா வந்திருப்பீங்கன்னு மொதல்ல சொன்னது யாருண்ணே?"

"நான்தான்."

அவள் குனிந்து, இடது காலில் பாரத்தைப் போட்டு, புருஷனின் கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அவளும் போனாள். கதவு திறந்தேதான் இருந்தது.

பட்டி மாஸ்டர் இரண்டு கையிலும் ஃபிரேமை ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். அதைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொல்கிறவள் அவள் ஒருத்திதான். அவள் சொல்லவில்லை. அவரும் வைக்கவில்லை.